விபத்து நடந்து ஐந்து வாரம் ஆகிறது, இனி கேஸ் வருமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சுத்தமல்லி விலக்கில் காரை வலது பக்கம் திருப்பும்போது, பின்னால் வந்த பைக் என் கார் கதவில் மோதிவிட்டது. ஓட்டி வந்தது காலேஜ் படிக்கிற பையன். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம். நானே ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மோதின இடத்துக்கு ஏட்டையா ஒருவர் வந்து லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு, "கூப்பிட்டா வாங்க" என்று அனுப்பிவிட்டார். பையனின் அப்பாவிடம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்துப் பேசி முடித்தோம். இதுவரை எந்தக் காகிதமும் வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மருமகன், "டிக்கெட்டுக்கு ஒரு கெடு உண்டு மாமா, இத்தனை நாள் வரலைன்னா வராது" என்கிறார். கடைக்கு வரும் ரிட்டையர்டு குமாஸ்தா ஒருவர், "பதினாலு நாள் தாண்டிட்டு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். என் மச்சான், "மூணு வருஷம் வரைக்கும் எப்ப வேணும்னாலும் வரும்" என்று பயமுறுத்துகிறான். மகளைப் பார்க்கப் போக பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். யார் சொல்வது சரி? (கார் கதவு நசுங்கினபடியே கிடக்கிறது. ஆர்.சி.யில் இன்னும் கல்லிடைக்குறிச்சி வீட்டு விலாசம்தான்.)

பதில்: அண்ணாச்சி, மூன்று பேருமே எங்கேயோ உள்ள ஒரு கெடுவைத்தான் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்துக்கு எது பொருந்தும் என்பதை அந்தப் பையனின் மணிக்கட்டுதான் முடிவு செய்யும்.

மருமகனை முதலில் விட்டுவிடலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் கெடுவும் மாறும். அவர் இருக்கிற ஊருக்கு அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம், சுத்தமல்லி விலக்குக்கு அது செல்லாது. நம் ஊரில் விபத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரக்கூடிய காகிதங்கள் பல. போக்குவரத்துச் செல்லான் வரலாம். ஸ்டேஷனில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வரலாம். மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன் வரலாம். காயம்பட்டவர் நஷ்ட ஈடு கேட்டால் ட்ரிப்யூனல் நோட்டீஸ் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் கெடு தனித்தனி.

குமாஸ்தா சொன்ன பதினாலு நாள் கற்பனை இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 209-ஆவது பிரிவில் அது இருக்கிறது. அதிவேகம் (183), ஆபத்தாக ஓட்டுதல் (184) இந்த இரண்டு பிரிவில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சம்பவ இடத்திலேயே "உங்கள் மேல் வழக்குப் போடுவது பற்றி யோசிப்போம்" என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது பதினாலு நாளுக்குள் குற்றம், நேரம், இடம் குறிப்பிட்ட நோட்டீஸை நேரில் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இருபத்தெட்டு நாளுக்குள் சம்மன் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது, பதினாலும் போனது, இருபத்தெட்டும் போனது. ஆனால் இதில் மூன்று ஓட்டை இருக்கிறது. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியைச் சட்டம் பார்ப்பதில்லை, பதிவுத் தபாலில் அனுப்பிய தேதி போதும். வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர் பேருக்கு அனுப்பினாலும் போதும். உங்கள் ஆர்.சி.யில் இருப்பது கல்லிடைக்குறிச்சி விலாசம். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள், தபால்காரர் அங்கே ஏதாவது கொண்டுவந்தாரா என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். விலாசம் மாறினால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 49-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஆட்களில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. அது தனிக் கதை.

இரண்டாவது ஓட்டை ஏட்டையா. "கூப்பிட்டா வாங்க" என்றது எச்சரிக்கையா இல்லையா என்று கோர்ட்டில் வாதாடலாம். அது போதாது என்றுதான் நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு, "கேஸ் போடுவோம் என்று வாயால் சொன்னேன்" என்று ஏட்டையாவைக் கூண்டில் ஏற்றிச் சொல்ல வைக்கலாம். அதனால் இதை மட்டும் நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. 209-ஆவது பிரிவு காப்பாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்த இரண்டு குற்றங்களில் இருந்து மட்டும். விபத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் நம் பக்கத்து ஸ்டேஷன்களில் வழக்கமாகப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகளை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது அது. பழைய 279 இப்போது 281. பழைய 337, 338 இரண்டும் 125-க்குள் வந்துவிட்டன. இவற்றுக்குப் பதினாலு நாள் கணக்கே கிடையாது. எனக்குத் தெரிந்து குமாஸ்தாமார் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

இப்போது மச்சானுக்கு வருவோம். குற்ற வழக்கை எத்தனை காலத்துக்குள் கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு சொல்கிறது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம். ஒரு வருடம் வரை சிறை என்றால் ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை சிறை என்றால் மூன்று வருடம். அதற்கும் மேலே போனால் கெடுவே இல்லை. உயிர் போன விபத்துக்குப் போடுகிற நியாய சன்ஹிதா 106(1)-இல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு, ஆகவே அங்கே கெடு கிடையாது.

கவனமில்லாமல் ஓட்டியதற்கான 281-க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாதாரணக் காயம் என்றால் 125(அ), அதற்கும் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்றால் ஐயாயிரம் வரை. இரண்டுமே ஒரு வருடக் கெடுவுக்குள் வருகின்றன. கொடுங்காயம் என்றால் 125(ஆ), மூன்று வருடம் வரை சிறை, அபராதம் பத்தாயிரம் வரை, கெடுவும் மூன்று வருடம். ஒரே வழக்கில் இரண்டு பிரிவு சேர்ந்தால் எதற்குத் தண்டனை அதிகமோ அதன் கெடுவே மொத்த வழக்குக்கும்.

மணிக்கட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று இப்போது விளங்கியிருக்கும். வீக்கம் வெறும் சுளுக்கு என்றால் சாதாரணக் காயம். எலும்பில் கீறல் விழுந்திருந்தாலும், முறிந்திருந்தாலும், மூட்டு விலகியிருந்தாலும் சட்டப்படி அது கொடுங்காயம். எலும்பு முறியாவிட்டாலும், பதினைந்து நாள் கடுமையான வலியில் கிடந்தான், தன் வேலையைப் பார்க்க முடியவில்லை என்றாலும் கொடுங்காயத்தில் சேரும். பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது, இப்போது பதினைந்தாகக் குறைத்துவிட்டார்கள். முதல் நாள் ஹைகிரவுண்டில் ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு) போட்டபோது வீக்கம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள், எக்ஸ்ரே வந்த பிறகு அது மாறியிருக்கலாம். பையனின் அப்பாவிடம் பேசும் வழக்கம் இருக்கிறதென்றால், கேஸ் பேச்சை எடுக்காமல், "தம்பி கை எப்படி இருக்கு, கட்டுப் போட்டாங்களா" என்று கேளுங்கள். விசாரிப்பது மரியாதையும்கூட.

உங்கள் மச்சான் சொல்வதில் பாதிதான் சரி. எலும்பு முறிந்திருந்தால் மூன்று வருடம், முறியாவிட்டால் ஒரு வருடம். ஆனால் "எப்ப வேணும்னாலும் வரும்" என்றாரே, அதில் வேறு ஒரு விதத்தில் உண்மை இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவான தேதிதான் இந்தக் கணக்குக்கு எல்லை என்று புதிய சட்டம் 514-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே சொல்லிவிட்டது. கடையில் பற்று எழுதிய தேதிக்கும் நீங்கள் வசூலுக்குப் போகிற தேதிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். எஃப்.ஐ.ஆர். கெடுவுக்குள் பதிவாகிவிட்டால், குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் உங்கள் வாசலுக்கு வர அதற்குப் பிறகு எவ்வளவு காலம் ஆனாலும் "கெடு தாண்டிவிட்டது" என்று சொல்ல முடியாது. கெடுவே தாண்டிய பிறகும் தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மன்னித்து எடுத்துக்கொள்ள 519-ஆவது பிரிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா, இல்லையா? காகிதம் வரவில்லை என்பதை வைத்து வழக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போய்க் கேட்டால் தூங்குகிற கேஸை எழுப்பிவிட்டதாக ஆகாதா என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போட்டதுமே போலீசுக்குத் தகவல் போயிருக்கும், ஏட்டையாவும் நேரில் வந்து பார்த்திருக்கிறார். நீங்கள் கேட்டுப் புதிதாக எழுப்ப அங்கே ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிகிற அறிகுறிகளில் இரண்டு உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் வழக்கமாக வண்டியைக் கொண்டுவரச் சொல்லி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி அறிக்கை வாங்குவார்கள். உங்கள் காரை யாரும் கேட்கவில்லை. இன்னொன்று, 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்தை விசாரிக்கிற அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் நஷ்ட ஈட்டு ட்ரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் பூர்த்தி செய்து தர வேண்டிய படிவங்களுக்கு 30 நாள். ஐந்து வாரமாக உங்களிடம் யாரும் படிவம் கேட்கவில்லை. எல்லா ஸ்டேஷனிலும் இந்தத் தேதிகள் அச்சுப் பிசகாமல் நடக்கிறதா என்றால் இல்லை. அதனால் இவற்றை அறிகுறி என்றுதான் சொல்கிறேன்.

சரி, எங்கே போய்க் கேட்பது? அந்த விலக்குப் பக்கம் மாநகரக் காவல் எல்லையும் மாவட்டக் காவல் எல்லையும் கிட்டக் கிட்ட வரும். ஏட்டையா பேட்டை ஸ்டேஷனா சுத்தமல்லி ஸ்டேஷனா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், தப்பான இடத்தில் "அப்படி ஒரு கேஸே இல்லையே" என்று சொல்வதைக் கேட்டு சந்தோஷப்பட்டுத் திரும்பக் கூடாது. ஜூனியர் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ஸ்டேஷன் ரசீது) மட்டும் போட்டு முடித்தார்களா, பையனின் அப்பா நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாரா, எஃப்.ஐ.ஆர். எண் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் ஸ்டேஷன் பேரைப் போட்டு எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம். செல்லான் விழுந்திருக்கிறதா என்பதை மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். கேமராவில் பிடிக்கிற செல்லானுக்கு, சம்பவத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் விதி கொண்டுவந்தார்கள். ஆனால் குறுஞ்செய்தி ஆர்.சி.யில் பதிவான நம்பருக்குத்தான் போகும். அதில் இருப்பது உங்கள் பழைய நம்பர் என்றால் உங்களுக்கு எதுவுமே வந்திருக்காது.

கதவை டிங்கரிங் கொடுப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி. இடி விழுந்தது பின்கதவிலா முன்கதவிலா, எந்த உயரத்தில் என்பது, நீங்கள் திரும்பி முடித்த நேரத்தில் மோதினானா, குறுக்கே விட்டீர்களா என்பதைச் சொல்லிவிடும். பெரிய வண்டி மேல்தான் கேஸ் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, நடைமுறையில் நிறையவே நடக்கிறது. விலக்கில் இருக்கிற கடைகளின் சி.சி.டி.வி. பதிவு ஐந்து வாரம் வரை தங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கேட்டால் கடைக்காரர் கொடுப்பார்.

இனி அந்த எட்டாயிரம். மனிதாபிமானத்தோடு செய்திருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் அது வழக்கை முடிக்காது. காயம் தொடர்பான 125-ஆவது பிரிவை கோர்ட் அனுமதியோடு சமாதானமாக முடிக்கலாம். 281-ஐ இரண்டு தரப்பும் பேசி முடிக்க முடியாது, தேவைப்பட்டால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்துக் கேட்டுத்தான் போக வேண்டும். கொடுத்த பணத்துக்கு எழுத்து எதுவும் வாங்கவில்லை என்றால் இப்போதாவது, "ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பைக் செலவுக்கும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் "என் தவறால்" என்ற சொல் மட்டும் வரக்கூடாது.

அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். கம்பெனியிடம் எழுத்தில் தெரிவித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி காயம்பட்டவருக்கு வைத்தியம் பார்க்க வைப்பதும், போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்வதும், இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பதும் ஓட்டியவரின் கடமை. முதல் இரண்டையும் செய்துவிட்டீர்கள். மூன்றாவதை நாளைக்கே செய்யுங்கள். மோட்டார் பாலிசியைப் புரட்டிப் பார்த்தால், கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்வதோ பணம் கொடுப்பதோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். நீங்கள் கொடுத்ததை அவர்கள் பின்னால் கண்டுபிடித்துக் கேட்பதைவிட, நீங்களாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பையன் தரப்பு நஷ்ட ஈடு கேட்டு ட்ரிப்யூனலுக்குப் போக 166-ஆவது பிரிவு விபத்திலிருந்து ஆறு மாதம் கொடுக்கிறது. அதில் இன்னும் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கிறது. அப்படி ஒரு மனு வந்தால் பணம் கட்ட வேண்டியது கம்பெனி. அவர்களுக்குத் தட்டிக் கழிக்க நீங்களே காரணம் கொடுக்கக் கூடாது.

பாஸ்போர்ட் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) தடுப்பது, கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பவரை. வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதை நிலுவை வழக்கு என்று சொல்ல முடியாது, கோர்ட் அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அதனால் இன்றைய நிலையில் நீங்கள் விண்ணப்பிக்கத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. எஃப்.ஐ.ஆர். பற்றித் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பத்தைப் போடுங்கள். அதில் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைப்பது தனிக் குற்றம், அந்தத் தலைவலி இந்த விபத்தைவிடப் பெரியது. ஒருவேளை வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டாலும், அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கிறது. என்ன, ஒன்றிரண்டு வாய்தா அலைய வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது பெரும்பாலும் நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்வதாகத்தான் இருக்கும். கைது செய்யத் தேவையில்லை என்று நினைக்கும்போதுதான் அதை அனுப்புவார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 281-உம் 125-உம் ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள். குறித்த தேதியில் போங்கள், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கோர்ட் சம்மன் வந்தால், "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்திருங்க அண்ணாச்சி, ஒரு நாள்ல முடிஞ்சிரும்" என்று வாசலிலேயே நாலு பேர் சொல்வார்கள். ஃபைன் சின்னதுதான். ஆனால் நீங்கள் ஒத்துக்கொண்டதை எடுத்துக்கொண்டுபோய் ட்ரிப்யூனலில் உங்கள் மேல் தப்பு என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள், விசா விண்ணப்பத்தில் தண்டனை உண்டா என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். உங்கள் நிலைமையில், அமெரிக்கா போகிற எண்ணம் இருக்கும்போது, ஆறு மாதக் கெடு முடிகிறவரையாவது நான் ஒத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு முதலில் போன் போடுங்கள். அங்கே பதிவுத் தபால் ஏதாவது வந்து கிடந்தால், உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் தபால் முத்திரையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். அனுப்பிய தேதி அதில்தான் இருக்கும்.